மலாயா ரயில் பெட்டியின் மாதிரியை வீட்டிலேயே செய்ய முடியுமா? அதற்கு நீராவி ரயிலில் ஒருமுறையாவது போயிருக்க வேண்டுமா?

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக முடியும். இரண்டாவதற்கு: கட்டாயம் இல்லை, ஆனால் போய்விட்டு வந்தால் கை வேறு மாதிரி வேலை செய்யும். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சுற்றிலும் தோட்டங்கள், நடுவில் ரயில் பாதை. இப்போது மின்சார ரயில் பறக்கிறது. நான் செய்வதெல்லாம் அதற்கு முந்தைய காலத்துப் பெட்டிகள்.

எஞ்சினைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியை நீங்களே செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி. ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன் ரயில்களின் மாதிரிகள் எத்தனையோ விற்கிறார்கள். மலாயாவின் மூன்றாம் வகுப்புப் பெட்டி எந்தக் கடையிலும் என் கண்ணில் பட்டதில்லை. நம் ஆட்கள் ஏறியதோ அதில்தான். தோட்டத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து பினாங்குக்குப் படகு, அப்புறம் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம். ஊருக்குப் போன எத்தனையோ குடும்பங்களின் பயணம் அந்தப் பலகை இருக்கையில்தான் தொடங்கியது. பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரி எரிந்த காலத்தைப் பற்றி என் பாட்டி பேச்செடுத்தால், கரிப்பொறி பட்டதில் சேலையில் ஓட்டை விழுந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார். அந்தப் பெட்டியை நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்யப்போகிறார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அளவு. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் போட்ட முதல் பாதையிலிருந்தே இங்கே மீட்டர் பாதைதான், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். 1:87 அளவில், அதாவது நிஜ ரயிலை 87 மடங்கு சிறிதாக்கினால், அது 11.5 மில்லிமீட்டர் ஆகும். ஆகவே 12 மில்லிமீட்டர் பாதை வாங்குங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதை ஐரோப்பாவில் வழக்கமான 1435 மில்லிமீட்டர் பாதைக்கானது. அதில் நம் பெட்டியை வைத்தால் காலை அகட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். சுவிட்சர்லாந்து மலை ரயில்கள் பலவும் மீட்டர் பாதைதான் என்பதால், அவற்றின் மாதிரிகளைச் செய்யும் பெமோ என்ற நிறுவனத்தின் சக்கரங்கள் இதற்குப் பொருந்தும்.

20 மீட்டர் பெட்டி இந்த அளவில் 230 மில்லிமீட்டர் வரும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 690 மில்லிமீட்டர் இருந்தால் தடம் புரளாமல் ஓடும். எடைக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் கணக்கு ஒன்று உண்டு: 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு ஏறக்குறைய 155 கிராம். தூண்டிலுக்குப் போடும் ஈயத்தைத் பெட்டியின் தரைக்கு அடியில் ஒட்டினால் போதும். பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களான இரண்டு போகிகளில் ஒன்று பக்கவாட்டில் மட்டும் திரும்பட்டும், மற்றொன்று எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆடட்டும். பாதை மேடுபள்ளமாக இருந்தாலும் சக்கரம் தூக்காது.

பக்கச் சுவர்தான் பொறுமையைச் சோதிக்கும் இடம். ஒரே பிளாஸ்டிக் தகட்டில் ஜன்னல்களை வெட்டி எடுத்தால் மூலைகள் ஒன்றுபோல் வராது. அதனால் நான் ஜன்னலை வெட்டுவதே இல்லை. கீழே அகலமான பட்டை, மேலே ஒடுக்கமான பட்டை, நடுவில் சின்னச் சின்னத் தூண்கள். இடைவெளிகள் தாமாகவே ஜன்னலாகிவிடும். எல்லாத் தூண்களையும் ஒரே கட்டையில் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொண்டால் கோடு பிசகாது. ஜன்னலை மூடும் மரச் சட்டரை வரி வரியாகக் கோடு போட்ட பிளாஸ்டிக் தகட்டில் செய்யலாம். ஒன்றை முழுக்க இறக்கி, இன்னொன்றைப் பாதியில் நிறுத்தி, மூன்றாவதைத் திறந்தே விடுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் பெட்டியில் ஆளே இல்லை என்று தோன்றும். ஜன்னலில் கண்ணாடியாக வைக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டச் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். வெள்ளைப் பசையே போதும்.

இந்தச் சட்டர் விஷயமெல்லாம் உண்மையான ரயிலில் உட்கார்ந்தால்தான் புரியும். தீபகற்பத்தில் தினசரி நீராவி ரயில் இல்லை. சபாவில் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பாருக்குப் போகும் வட போர்னியோ ரயில் 1954-இல் இங்கிலாந்தின் வல்கன் பட்டறையில் செய்த எஞ்சினோடு விறகில் ஓடுவது. பயணச்சீட்டு வாங்குமுன் இப்போது ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்திலும் மீட்டர் பாதைதான், அங்கே ஆண்டில் சில சிறப்பு நாட்களில் நீராவி எஞ்சினை எடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டுக்குப் போகும்போது நீலகிரி மலை ரயிலில் ஏறிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலையிலேயே பசியாறிவிட்டு ஏறினால் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம் நடுத் தண்டவாளப் பற்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியில் ஓட்டத்தின் தாளமே மாறும், அதிர்ச்சி இருக்கை வழியாக முதுகுக்கு வரும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முதல் பெட்டியில் காட்சி நன்றாகத் தெரியும். ஆனால் பெட்டி செய்கிறவர்கள் கடைசிப் பெட்டியில் உட்கார வேண்டும். புகை கூரையில் எங்கே படிகிறது, ஜன்னல் விளிம்பில் எங்கே பெயிண்ட் தேய்ந்திருக்கிறது, கைப்பிடி எவ்வளவு பளபளக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, அடிப்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இல்லாத குழாயும் கம்பியும் அங்கே நிறைய.

உள்ளூரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் காராயில் 1900-இல் திறந்த விக்டோரியா பாலம் இருக்கிறது. பேராக் ஆற்றின் மேல் ஒற்றைப் பாதை, இப்போது ரயில் போவதில்லை, ஓரமாக நடந்து போகலாம். பாலத்தின் அகலத்தைப் பார்த்தாலே அந்தக் காலத்துப் பெட்டியின் அளவு மனதில் பதிந்துவிடும்.

கடைசியாகப் பயணிகள். கடையில் விற்கும் 1:87 பொம்மைகளில் பெரும்பாலானவை கோட்டும் தொப்பியுமாக இருக்கும். மெல்லிய டிஷ்யூ தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து இடுப்பில் சுற்றி, முந்தானையைத் தோளில் ஊசி முனையால் மடித்துவிட்டால் சேலை ஆகிவிடும். காய்ந்த பிறகுதான் வண்ணம் பூச வேண்டும். கூரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவீர்கள்.