ஒரே சர்வரில் மூன்று டாம்கேட்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது?

கேள்வி இதுதான்: ஒரே லினக்ஸ் சர்வரில் மூன்று டாம்கேட் (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்) ஓட வேண்டும். முழு ஃபோல்டரையும் மூன்று காப்பி எடுக்கணுமா, ஒன்றையே பகிர்ந்துகொள்ளலாமா?

தாராளமாகப் பகிரலாம். இறக்கி விரித்த மென்பொருள் இருக்கும் இடம் கேட்டலினா ஹோம். அங்கே பின் (bin, கட்டளைகள்), லிப் (lib, ஜாவா நூலகங்கள்) என்ற இரண்டு ஃபோல்டர்களும்தான் முக்கியம். நீங்கள் கை வைப்பவை எல்லாம், ஒவ்வொரு டாம்கேட்டுக்கும் தனியாக இருக்கும் கேட்டலினா பேஸில்: கான்ஃப் (அமைப்பு ஃபைல்கள்), லாக்ஸ், வெப்ஆப்ஸ், வொர்க், டெம்ப். ஹோம் ஒன்று, பேஸ் மூன்று, அவ்வளவுதான். பேஸ் எதுவென்று சொல்லாவிட்டால் ஹோமையே பேஸாக எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு டாம்கேட்டோடு பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போவது அதனால்தான்.

ஆட்கள் சறுக்குவது கான்ஃபில். பேஸில் இல்லாத ஃபைலை ஹோமில் போய்த் தேடிக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள். தேடாது. சர்வர்.எக்ஸ்எம்எல், வெப்.எக்ஸ்எம்எல் இரண்டும் ஒவ்வொரு பேஸிலும் இருந்தாக வேண்டும். ஹோமின் கான்ஃபில் போர்ட்டை மாற்றிவிட்டு நாள் பூராவும் ரீஸ்டார்ட் செய்தாலும் ஒன்றும் மாறாது. சந்தேகம் வந்தால் பிஎஸ் கட்டளையைப் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா ப்ராசஸின் நீண்ட வரியில் 'கேட்டலினா.பேஸ்' என்பதைத் தேடுங்கள். அதில் உள்ள பாதைதான் நிஜம். டீமில் யார் என்ன சொன்னாலும் சரி.

லிப் கதை வேறு. பேஸில் லிப் இருந்தால் அதை முதலில் படித்து, அப்புறம் ஹோமின் லிப்பையும் படிக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டிரைவரின் புதிய ஜாரை (ஜாவா நூலக ஃபைலை) ஹோமின் லிப்பில் போடுகிறீர்கள்; ஏதோ ஒரு பேஸின் லிப்பில் பழைய ஜார் கிடக்கிறது என்றால், அந்த டாம்கேட் மட்டும் பழையதையே எடுக்கும். மூன்றில் ஒன்று மட்டும் விநோதமாக நடந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றும் சேர்ந்து ஓட, ஒவ்வொரு சர்வர்.எக்ஸ்எம்எல்லிலும் போர்ட்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். வெப் கோரிக்கைகள் வரும் 8080-ஐ எல்லோரும் மாற்றிவிடுவார்கள். நிறுத்தும் கட்டளை வரும் ஷட்டவுன் போர்ட்டான 8005-ஐ மறந்துவிடுவார்கள். பழைய கான்ஃபைக் காப்பி எடுத்தால் 8009-இல் ஏஜேபி (முன்னால் நிற்கும் வெப் சர்வர் டாம்கேட்டோடு பேசும் வழி) திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2020-இல் வெளிவந்த கோஸ்ட்கேட் என்ற ஏஜேபி பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு, டாம்கேட் 9.0.31 பதிப்பு முதல் அது இயல்பாகவே மூடியபடிதான் வருகிறது.

மெமரி மாதிரியான ஜாவா அமைப்புகளை பேஸின் பின் ஃபோல்டரில் செட்என்வ்.எஸ்ஹெச் என்ற ஃபைலில் எழுதுங்கள். பேஸில் அது இருந்தால் ஹோமில் உள்ளதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஹோம், பேஸ் பாதைகளை மட்டும் அதில் எழுதாதீர்கள். அந்த ஃபைலைக் கண்டுபிடிப்பதற்கே அவை முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். ஹீப் (ஜாவா நிரல் பயன்படுத்தும் மெமரி) அளவை ஜாவா_ஆப்ட்ஸ் என்ற மாறியில் போடாமல் கேட்டலினா_ஆப்ட்ஸ் என்ற மாறியில் போடுங்கள். ஜாவா_ஆப்ட்ஸில் இருப்பதை, டாம்கேட்டை நிறுத்தும் கட்டளையும் எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ஹீப் கேட்டிருந்தால், டாம்கேட்டை நிறுத்தப் போகும் அந்தச் சின்ன ஜாவாவும் அதே 4 ஜிபியைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கும்.