ஓய்வுக்கால நகரங்களில் வாழ்பவர்கள், தங்களைப் பற்றி வெளியே வரும் செய்திகளையும் படங்களையும் பார்த்து என்ன நினைக்கிறார்கள்?

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு 81 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, தன் கோல்ஃப் வண்டியின் கூரைக் கம்பியில் கட்டியிருந்த நீலநிறப் பந்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். குளிக்கும்போது உடம்பு தேய்ப்போமே, வலைவலையாக இருக்கும் பிளாஸ்டிக் பந்து, லூஃபா என்பார்கள், அதுதான். கைகள் லேசாக நடுங்கின. என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதலில் சொல்லவில்லை. அப்புறம் போனை எடுத்துக் காட்டினார். கல்லூரியில் படிக்கும் பேத்தி அனுப்பிய காணொளி. அந்தப் பந்தை வண்டியில் கட்டியிருந்தால் அந்த வீட்டுக்காரர்கள் ஜோடி மாற்றிக்கொள்ளத் தயார் என்று அர்த்தமாம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் வேறு. "பாட்டி, உன் வண்டியில் நீலம்தானே?" என்று பேத்தி கீழே எழுதியிருந்தாள்.

நான் இருப்பது அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள 'தி வில்லேஜஸ்' என்ற ஊர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கணவரும் நானும் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் குறைந்தது ஒருவராவது 55 வயது கடந்தவராக இருக்க வேண்டும். 19 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விருந்தாளியாக வருடத்துக்கு 30 நாள் தங்கலாம், அவ்வளவுதான். சிறிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 1,30,000 பேர். அதற்கு முந்தைய பத்து வருடத்தில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த பெருநகர்ப் பகுதி இதுதான். கடைக்கு, டாக்டரிடம், சர்ச்சுக்கு, நீச்சல் குளத்துக்கு, எல்லாவற்றுக்கும் கோல்ஃப் வண்டியில்தான் போவோம். அந்த வண்டிகளுக்கென்றே நூறு மைலுக்கு மேல் தனிப்பாதை இருக்கிறது.

கடை வாசலில் நாற்பது வண்டிகள் நிற்கும். பாதிக்கு மேல் ஒரே நிறம், ஒரே கூரை. கண்பார்வை மங்கிய ஒருவர் தன் வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பார்? பொம்மை கட்டுவார்கள், கொடி கட்டுவார்கள், பந்து கட்டுவார்கள். எதிர்வீட்டு அம்மா பந்தை வெட்டிய அடுத்த வாரம், ஜூலை வெயிலில், கடை வாசலில் இருபது நிமிடம் வண்டியைத் தேடி அலைந்திருக்கிறார். கடைசியில் என் கணவருக்குப் போன் செய்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது, அம்மா வேறு யாருடைய வண்டியிலோ முகமெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாராம். மடியில் உறைய வைத்த பட்டாணிப் பை உருகி, உடுப்பு நனைந்திருந்தது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டாணிப் பைதான்.

இந்த மாதிரிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2006ல் இந்தப் பக்கத்துத் தொலைக்காட்சி ஒன்றில், இங்குள்ள முதியவர்களிடம் பால்வினை நோய் அதிகம் என்று ஒரு மருத்துவர் தன் அனுபவமாகச் சொன்னதை வைத்து ஒரு செய்தி வந்தது. அது பத்திரிகைகளுக்குப் போனது, நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குப் போனது, இன்றுவரை நிற்கவில்லை. ஊரின் பெரும்பகுதி இருக்கும் சம்டர் மாவட்டத்தில் இந்த நோய்களின் விகிதம் புளோரிடாவின் சராசரியைவிட மிகக் குறைவு என்று மாநில சுகாதாரத் துறையின் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கை நான் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். யாரும் அதை வேறு யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

சரி, இங்கே இருப்பவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் தெருவில் ஒரு முன்னாள் தீயணைப்பு வீரர் இருக்கிறார். யார் கேட்டாலும் "ஆமாம், எல்லாம் உண்மைதான், எனக்குத்தான் யாரும் அழைப்பு அனுப்பவில்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சிலர் வெளியூரில் ஊர்ப்பெயரையே சொல்வதில்லை. "ஒர்லாண்டோவுக்கு வடக்கே" என்று முடித்துக்கொள்வார்கள். சிலர் ஒவ்வொரு கட்டுரைக்கும் உட்கார்ந்து மறுப்புக் கடிதம் எழுதுவார்கள். பெரும்பாலானவர்கள் பேசவே மாட்டார்கள். ஆனால் அப்படிப் பேசாதவர்கள்தான், எதிர்வீட்டு அம்மாவைப் போல, கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிறது. 81 வயதில் ஒருவர் தன் வண்டியில் எதைக் கட்டலாம், கட்டக்கூடாது என்று யோசிக்க வேண்டியிருப்பது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக வெளியிலிருந்து வருவதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தாரோடு நான் ஒத்துப்போகாத இடம் இது. 2020 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் எங்கள் ஊரைப் பற்றிய 'சம் கைண்ட் ஆஃப் ஹெவன்' என்ற ஆவணப்படம் திரையிடப்பட்டது. பிறகு அது வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தபோது, நாங்கள் ஒன்பது பேர் ஒரு வீட்டின் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தோம். முக்கியமாக நான்கு பேரின் கதை. ஒரு தம்பதி, அவர்களில் கணவருக்குப் போதைப் பழக்கம். இன்னொருவர் இந்த ஊர்க்காரரே இல்லை; வேனில் தங்கிக்கொண்டு, வசதியான பெண் யாராவது கிடைப்பாரா என்று தேடுகிறவர். படம் முடிவதற்குள்ளாகவே சத்தம் ஆரம்பித்துவிட்டது. "ஒரு லட்சம் பேரில் இவர்களைத்தான் கண்டுபிடித்தார்களா?" "அந்த ஆள் நம் ஊரே கிடையாது!" அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, நானும் தலையாட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பேசவே இல்லை. கணவரை இழந்து மூன்று வருடமான பெண்மணி. மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். படத்தில் வரும் நான்காவது ஆளைப் பற்றிச் சொன்னார். கணவர் இறந்தபின் சேமிப்பும் கரைந்துபோய், இந்த 'ஓய்வு' நகரத்திலேயே முழுநேர வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. "நானும் வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகிறேன், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. காலையில் பை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ சங்கத்துக்கு, நடன வகுப்புக்குப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் மகனே, "அந்த ஊரில் உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்கிறானாம். "என்னைப் போல ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று நேற்றுதான் ஒருவர் காட்டினார்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

நான்கு வீடு தள்ளி இருந்த எனக்குத் தெரியாதது, எங்கிருந்தோ வந்த ஓர் இளைஞரின் கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. இங்குள்ள நாளிதழ் இந்த ஊரைக் கட்டிய நிறுவனத்துக்கே சொந்தம். அதில் பூத்த பூக்களும் கோப்பை வென்றவர்களும் வருவார்கள். மாதக் கடைசியில் கையைப் பிசைகிற விதவை வர மாட்டார். ஆகவே வெளியிலிருந்து யாரும் வரவே கூடாது என்று என் அண்டை வீட்டார் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுகிறேன். சில பேருக்கு அதனால் என் மேல் வருத்தம்.

2020 ஜூனில் வேறு மாதிரியான அடி விழுந்தது. அன்றைய அதிபரை ஆதரித்து இங்கே கோல்ஃப் வண்டி ஊர்வலம் நடந்தது. எதிர்த்தவர்களும் வழியோரம் நின்று கத்தினார்கள். ஊர்வலத்தில் ஒருவர் வெள்ளையர் அதிகாரம் என்று முழக்கமிட்டது காணொளியில் பதிவானது. அதை அதிபரே டுவிட்டரில் பகிர்ந்து, சில மணி நேரத்தில் நீக்கினார். அதற்குள் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. இந்த ஊரில் என் நிறத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த வாரம் கடைக்குப் போக எனக்கே தயக்கமாக இருந்தது. எங்கள் தெருவில் பலர், "ஒருவர் கத்தியதற்கு ஊரையே இப்படிச் சொல்கிறார்களே" என்றுதான் கொதித்தார்கள். இரண்டு பேர் மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டி, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார்கள். அந்த இரண்டு பேரும் அரசியலில் எதிரெதிர்க் கட்சி. ஊர் மானத்தைப் பற்றி மட்டுமே பேசியவர்களை நான் மறக்கவில்லை, கதவைத் தட்டியவர்களையும் மறக்க மாட்டேன். செய்தியில் எதிர்ப்பாளர்கள் வெளியாட்கள் போலத் தெரிந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் இங்கேயே வாழ்பவர்கள், என்னோடு நீச்சல் குளத்தில் கால் நனைப்பவர்கள்.

'குமிழிக்குள் வாழ்கிறார்கள்', அதாவது வெளியுலகம் தெரியாமல் இருக்கிறார்கள் என்பது எங்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு வார்த்தை. 2019ல் மாவட்டத்தில் சொத்துவரியை 25 சதவீதம் உயர்த்தினார்கள். ஊர் மேலும் மேலும் விரிவதற்கான சாலைச் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். 2020 தேர்தலில் பதவியில் இருந்த மாவட்ட ஆணையர்கள் மூன்று பேரைத் தோற்கடித்தார்கள். குமிழிக்குள் இருப்பவர்கள் மாவட்ட வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் படிக்க மாட்டார்கள். என் கணவர் படித்தார், பச்சை மையில் கோடு போட்டு.

நம் ஆட்கள் பார்க்கும் விதம் தனி. ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அந்த ஊரிலா இருக்கீங்க? வெளியில் சொல்லிக்காதீங்க" என்றாள். அதற்கு முந்தைய வருடம் அவளே, "பிள்ளைகள் உங்களை முதியோர் இல்லத்தில் விட்டுட்டாங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டிருந்தாள். ஒரே வருடத்தில் நாங்கள் அனாதைகளாகவும் இருந்தோம், ஆட்டம் போடுபவர்களாகவும் ஆனோம். யாரும் எங்களைக் கொண்டுவந்து விடவில்லை. எங்கள் காசில், எங்கள் விருப்பத்தில் வந்த வீடு. இங்கே மருத்துவமனை பக்கத்தில், பேச்சுத்துணை பக்கத்தில். இதை அவளிடம் பொறுமையாக விளக்கினேன். போன டிசம்பரில் வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். இப்போது அவள் மற்றவர்களுக்கு விளக்குகிறாள்.

போன வசந்தத்தில் ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. மாலை ஐந்து மணிக்குச் சதுக்கத்தில் பாட்டு ஆரம்பிக்கும், தினமும் உண்டு, ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். அந்தக் குழு ஓரமாக உட்கார்ந்திருந்த எங்களைத் தாண்டிப் போய், ஆடுகிறவர்களை மட்டும் படம் எடுத்தது. ஒரு பெரியவரிடம், "இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட முடியுமா?" என்று கேட்டார்கள். ஆடினார், பாவம். ஒளிபரப்பானபோது அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இசையைச் சேர்த்திருந்தார்கள். அவர் மனைவி அல்சைமர் நோயாளி. மாலையில் ஒரு மணி நேரம் துணைக்கு ஆள் வரும்போது மட்டும்தான் அவர் சதுக்கத்துக்கு வருவார். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் ஒளிக்கிறவர் இல்லை. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று வாரம் அவர் வரவில்லை. நானும் எதிர்வீட்டு அம்மாவும் போய் அழைத்து வந்தோம்.

அந்த அம்மா இப்போது மறுபடியும் பந்து கட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் வேறு எதைக் கட்டலாம் என்று நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் யோசித்தோம். சிவப்பு ரிப்பன் வேண்டாம், அதற்கும் ஏதாவது சொல்வார்கள். கொடி வேண்டாம், அரசியல் ஆகிவிடும். கடைசியில் அவரே, "ஏழு வருடமாக என் கண் தேடிப் பழகியது நீலத்தைத்தான்" என்று சொல்லிவிட்டார். கம்பி எட்டவில்லை என்பதால் நான்தான் கட்டிவிட்டேன்.

இங்கே வந்து எழுதவோ படம் எடுக்கவோ நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தாராளமாக வாருங்கள். காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் யாருக்கு எந்த நாள் டயாலிசிஸ், யாருக்குக் கண்ணில் ஊசி, யார் வண்டி ஓட்டிக் கூட்டிப் போவது என்று பதினான்கு பேர் பெயர் அதில் இருக்கும். அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் பென்சிலில்தான் எழுதுவோம். இந்த வாரம் வியாழக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.