திருகோணமலை வெயிலில் வளர்ந்தவன், சைக்கிளிலும் ஓடியும் பனிக் கணவாயை ஒரே நாளில் கடக்கலாமா?

கடக்கலாம். நான் கடந்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் சுவிஸில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள், 'வெயில் ஊர்க்காரனுக்கு இது சரிவராது' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என நினைக்கிறேன். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும்.

பயிற்சியெல்லாம் நம் ஊரிலேயேதான். விடியமுன் உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வரை சைக்கிள். திரும்பி வந்து, கோட்டை வாசலில் அதைப் பூட்டிவிட்டுக் கோணேசர் கோயில் வரை ஓட்டம். ஆறு மாதம். ஏற்றம் சின்னதுதான், ஆனால் சைக்கிளை விட்டு இறங்கிய காலோடு உடனே ஓடப் பழகினேன்.

போனது சுவிஸ் அல்ப்ஸ் மலையில் 2,106 மீட்டர் உயரமுள்ள கொத்தார்ட் கணவாய்க்கு. மே மாதக் கடைசி, வீதியைத் திறந்து சில நாள்தான். மலையின் வடக்குப் பக்க ஊரான கோஷெனனில் இருந்து அன்டர்மாட் வழியாக ஹொஸ்பெந்தால் வரை அத்தானின் சைக்கிளில். அதை அங்கே பூட்டிவிட்டு ஓட்டம். உச்சிக்கு இன்னும் 650 மீட்டர் ஏற வேண்டும். மூச்சு வாங்கியது, கால் தாங்கியது. வீதியோரம் வெட்டி ஒதுக்கிய பனி என் தலைக்கு மேல் நின்றது. காலை எட்டு மணிக்கு நடைபாதைப் பனி சிமெந்துத் தரைபோல் இறுகிக் கிடந்தது. உச்சி தாண்டி, தெற்குப் பக்க ஊரான ஐரோலோவை நோக்கி இறங்கும்போது பத்தரை மணி. வெயிலில் இளகிய பனிக்குள் முழங்கால்வரை புதைந்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போனது. ஆகவே வெள்ளென வெளிக்கிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஈரப்பனி சரிந்து வரும் ஆபத்தும் உண்டு.

ஐரோலோவில் இருந்து ரயில். 1882இல் திறந்த 15 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்ளால் புறப்பட்ட கோஷெனன் பக்கம் வந்து, மறுபடி ஹொஸ்பெந்தால் போய்ச் சைக்கிளை எடுத்துக் கீழே இறங்கினேன். அங்கேதான் பட்டது. விரல் மரத்து, பிறேக் பிடிக்க முடியாமல் நின்று நின்று வந்தேன். தடித்த கையுறை கட்டாயம். பனி வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

'தெரியாதவனை உசுப்பேற்றாதே' என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நான் தனியே போகவில்லை. அந்த மலையில் பல வருடம் நடந்த, அத்தானோடு வேலை செய்யும் ஒருவர் கூட வந்தார். அவர் திரும்பு என்றால் திரும்புவது என்று பேசிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. கோட்டைக்குள் ஓடும்போது மான்கள் பொலித்தீன் பை மெல்லுவதைப் பார்க்கிறேன். சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டுப் பையோடு வீசுகிறார்கள், உணவு வாசத்துக்கு மான் அப்படியே விழுங்குகிறது. வயிற்றுக்குள் அது செரிக்காது. கோயிலுக்கு வந்தவர்களே இதைச் செய்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்களும் அங்கே ஓடப் பழகினால், திரும்பும்போது நாலு பையைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.