கையெழுத்துக்கு என்ன அவசரம்? இலங்கையில் விபத்து நட்டஈடு பற்றிய கேள்விகளும் பதில்களும்

அம்மாவை ரோட்டில் வேன் ஒன்று இடித்துவிட்டது. முழங்கால் வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். வேன்காரர் மூன்றாம் நாளே லயத்துக்கு வந்து 60,000 ரூபா தருவதாகவும் ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்கிறார். அம்மா கொழுந்து பறிப்பவர். வாங்கலாமா? (மஸ்கெலியா)

இப்போது வாங்க வேண்டாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். முழங்காலுக்குள் இருக்கும் சவ்வும் தசைநாரும் கிழிந்திருந்தால் அதில் தெரியாது. வீக்கம் வடிய இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதற்குப் பிறகு சரிவில் இறங்கும்போது கால் மடங்குகிறதா, முழங்கால் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எலும்பு சிகிச்சை கிளினிக்கில் காட்டி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். சமதரையில் நடக்க முடிகிற பலருக்குக் கூடையோடு மலை ஏறி இறங்க முடிவதில்லை. அம்மாவின் பிழைப்பு அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

பிந்தித் தெரியவரும் காயங்கள் இன்னும் உண்டு. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உள்ள சிறிய எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கவேண்டும். தலையில் அடிபட்டிருந்தால், அதிலும் வயதானவராகவோ இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராகவோ இருந்தால், மூளையைச் சுற்றி மெதுவாக இரத்தம் கசிந்து பல வாரங்கள் கழித்தும் அறிகுறி காட்டலாம். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கக் கை கால் சோர்வு, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

தொகையைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஆஸ்பத்திரி இலவசம்தானே, உங்களுக்கு என்ன செலவு?" என்று பேரம் பேசுவார்கள். மலையகத்தில் அதிகம் பேரை ஏமாற்றும் வாசகம் இதுதான். பெரிய இழப்பு ஆஸ்பத்திரி பில்லில் இல்லை. போடாமல் போன பேர் (வேலை நாள்) எத்தனை என்று செக்ரோலைப் (தோட்டத்து வரவுப் பதிவேட்டைப்) பார்த்து எண்ணுங்கள். அந்தச் சம்பளத்தோடு தோட்டம் கட்டியிருக்கவேண்டிய ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதத்தையும் ஈ.டீ.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதத்தையும் சேருங்கள். கிளினிக்குக்குப் போய்வந்த ஓட்டோ கூலி, துணைக்கு இருந்த மகளின் சம்பளம், வெளியே வாங்கிய மருந்து, எடுத்த ஸ்கேன் எல்லாம் கணக்கில் வரும். இனி முழு நாள் மலையில் நிற்க முடியாவிட்டால் வரப்போகும் வருடங்களின் வருமானக் குறைவு, வலிக்கும் வேதனைக்குமான நட்டஈடு என்பவை தனி. "இதற்கு மேல் குணமாக இடமில்லை" என்று வைத்தியர் சொல்லும்வரை இந்தக் கடைசி இரண்டையும் யாராலும் கணக்கிட முடியாது.

வேன்காரரும் பிள்ளைகுட்டிக்காரர் என்று மனம் இரங்குவது புரிகிறது. ஆனால் வாகனத்தால் காயப்படும் மற்றவர்களுக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதியை 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தான். சுமையைக் காப்புறுதிக் கம்பனி ஏற்கட்டும்.

பொலிஸில் "சமாதானமாகப் போங்கள்" என்கிறார்கள். மறுக்கலாமா? (கினிகத்தேனை)

மறுக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டைப் பதியவேண்டும். உங்கள் காயத்துக்கு விலை நிர்ணயிப்பது அவர்கள் வேலையல்ல. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள், வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்திட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கம், வாகன இலக்கம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், காப்புறுதிக் கம்பனியின் பெயர், காப்புறுதிச் சான்றிதழ் இலக்கம், இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காயத்தைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். எலும்பு முறிவு இருந்தாலோ 20 நாட்கள் வழமையான வேலை செய்ய முடியாமல் போனாலோ தண்டனைச் சட்டக் கோவையின்படி அது கடுங்காயம். அந்த அறிக்கை பின்னால் பேச்சுவார்த்தையின்போது உங்களுக்குப் பெரிய பலம். நீதவான் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. அதையும் நட்டஈட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டேன். கடிதம் சிங்களத்தில் இருந்தது. இனி வழி உண்டா? (பண்டாரவளை)

கடிதத்தின் பிரதியை எடுத்து முதலில் தமிழில் வாசித்துக் கேளுங்கள். வாகனச் சேதத்தை மட்டும் பேசுகிறதா, உடற்காயத்தையும் பேசுகிறதா? வாகனம் மட்டும் என்றால் காயத்துக்கான உரிமை அப்படியே இருக்கிறது. "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்று காயத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. பிறகு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் அது திறக்காது. ஏமாற்றி வாங்கினார்கள், மிரட்டினார்கள், பத்திரம் என்னவென்றே பொய் சொன்னார்கள் என்று நிரூபிக்க முடிந்தால் இடமுண்டு. யார் வாசித்துக் காட்டினார்கள், கூட யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கும்போதே எழுதிவைத்து, இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம்.

அவசரப்படாதீர்கள் என்கிறீர்கள். எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? (தலவாக்கலை)

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும். கடிதம் அனுப்பியிருந்தால் போதாது. கம்பனியோடு பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. "ஃபைல் மேலிடத்தில் இருக்கிறது" என்ற பதிலை நம்பி இருபத்திரண்டாவது மாதம்வரை இழுபட்டால் பேரம் பேசும் பலமே போய்விடும். காலம் முடிந்தபின் அவர்கள் எதுவும் தரவேண்டியதில்லை.

ஒன்பதாம் மாதத்துக்குள் சட்டத்தரணியின் கையில் கோப்பு இருப்பது நல்லது. பெரிய எலும்பு முறிவு கூடிவிட்டதா இல்லையா என்பதும் அநேகமாக அதற்குள் தெரிந்துவிடும். டயக்னோஸிஸ் கார்ட் (ஆஸ்பத்திரி தரும் நோய்க் குறிப்பு அட்டை), கிளினிக் புத்தகம், எக்ஸ்ரே படங்கள், ரசீதுகள், சம்பளச் சீட்டுகள் கோப்பில் இருக்கட்டும். இன்னொரு பொறி: வழக்குப் போடுமுன், அல்லது போட்டு ஏழு நாளுக்குள், காப்புறுதிக் கம்பனிக்கு வழக்கு பற்றிய அறிவித்தல் போகவேண்டும். போகாவிட்டால் வழக்கில் வென்றாலும் கம்பனியிடம் பணம் வாங்க முடியாமல் போகலாம். சட்டத்தரணியிடம் இதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

அடுப்பெரியப் பணம் வேண்டும். காத்திருக்க முடியாதே? (ஹப்புத்தளை)

உண்மைதான், பசி கையெழுத்து வாங்கும். பணத்தை மறுக்காமல் பகுதிக் கொடுப்பனவாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டில் இப்படி எழுதுங்கள்: "இத்தொகை இன்றுவரையான செலவுக்கான பகுதிக் கொடுப்பனவு மட்டுமே. காயங்களுக்கான மீதி நட்டஈட்டைக் கோரும் உரிமை எனக்கு உண்டு." திகதி, தொகை, இரு தரப்புக் கையொப்பம், ஒரு சாட்சி வேண்டும். இந்த வரிகளை ஏற்க மறுத்தால், அவர் கொண்டுவந்தது உதவிப் பணமல்ல, உங்கள் உரிமைக்கான விலை.

வேலைக்குப் போகும் வழியில் தோட்ட லொறி கவிழ்ந்தது. துரை (தோட்ட முகாமையாளர்) கொடுத்த காசோடு முடிந்ததா? (பதுளை)

முடியவில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. உச்சத் தொகை 20 இலட்சம் ரூபா. விபத்தைத் தோட்டத்துக்கு எழுத்தில் அறிவித்து, வேலையாள் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோருங்கள். சிவில் வழக்கா, இந்த வழியா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டபின் தீர்மானியுங்கள். லொறியில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையும் காயப்பட்டிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். வளரும் எலும்பின் நுனியில் பட்ட அடி, கால் கோணலாகவோ குட்டையாகவோ வளர்வதாக ஒரு வருடம் கழித்தும் வெளிப்படலாம். வழக்குப் போட்டபின் பிள்ளையின் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியும் தேவை.