மாற்றுத்திறன் விழிப்புணர்வுப் பயிற்சி: நிறுவனம் மறுக்கலாமா?

கேள்வி: அறுபது பேர் பணிபுரியும் தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். செவித்திறன் குறைந்த பெண் ஒருவர் அண்மையில் பணியில் சேர்ந்தார். சக ஊழியர்கள் சிலர் அவர் பேசும் விதத்தை நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தலாம் என்றால், சட்டத்தில் கட்டாயமில்லை என்கிறது நிர்வாகம். இது சரியா?

பதில்: ஏட்டளவில் சரி, ஆனால் அதை நம்பி நிர்வாகம் வாளாவிருக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 39-ஆவது பிரிவு, வேலையளிப்போரிடமும் சக ஊழியர்களிடமும் புரிதலை வளர்க்கும் பொறுப்பை அரசிடமே ஒப்படைத்துள்ளது. தனியார் நிறுவனம் இத்தனை மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்று எந்தப் பிரிவும் கூறவில்லை.

ஆயினும், 21-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவித்து, அதன் பிரதியை மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் பணியமர்த்தலையும் வசதிகளையும் கவனிக்கும் தொடர்பு அலுவலரின் நியமனத்தையும் அக்கொள்கை உள்ளடக்க வேண்டும் என்கின்றன அச்சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள். இவை உங்களிடம் உள்ளனவா என முதலில் பாருங்கள். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

அதைவிட முக்கியமானது, நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாகாத ‘நியாயமான வசதியை’, அதாவது மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கத் தேவையான மாற்றங்களை, மறுப்பதும் பாகுபாடே என்ற சட்டத்தின் வரையறை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஊழியர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில், மேலாளர் பலகைப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டியபடி பேசினால், அந்த ஊழியர் அங்கே இருந்தும் இல்லாதவரே. முகம் பார்த்துப் பேசுவது, முடிவுகளை அன்றே எழுத்தில் தருவது போன்றவற்றுக்குச் செலவில்லை. ஆனால் குழுவினருக்கு யாரேனும் சொல்லித்தராமல் அவை நடக்காது. எனவே பயிற்சியை இவ்வசதியின் ஒரு பகுதியாகவே நிர்வாகத்திடம் எழுத்தில் முன்வையுங்கள். அவரவர் தேவையை அவரோடு கலந்து பேசியே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் வலியுறுத்தியிருப்பதால், அந்தப் பெண்ணிடம் முதலில் கேளுங்கள். அவருடைய சம்மதமின்றி மருத்துவ விவரங்களை வகுப்பில் பேசக் கூடாது. காதில் பஞ்சு வைத்து ‘அனுபவம்’ தரும் விளையாட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நடித்துக் காட்டிச் சிரிப்பது மட்டும் பயிற்சிக்காகக் காத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல. பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்தால், 92-ஆவது பிரிவின்கீழ் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அலுவலக அறை அத்தகைய இடமா என்பதில் வாதம் எழலாம். ஒழுங்கு நடவடிக்கைக்கு அந்த ஐயம் தடையல்ல. புகாரை எழுத்தில் பெற்று உடனே விசாரணையைத் தொடங்குங்கள்.