பிரெப் பள்ளி வார விடுதி: முதலில் தேர்வுத் தேதியைப் பாருங்கள்

வணக்கம். இயர் 5 (9-10 வயது வகுப்பு) படிக்கும் மகனை செப்டம்பரில் இங்கிலாந்துக் கிராமத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பிரெப் பள்ளியின், அதாவது மேல்நிலைப் பள்ளிக்குத் தயார் செய்யும் தனியார் பள்ளியின், வார விடுதியில் சேர்க்கலாமா, சேப்பல் (பள்ளித் தேவாலய வழிபாடு) கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேப்பலைவிட அவசரமானது தேர்வு. பிரெப் பள்ளி பெரும்பாலும் 13 வயதோடு முடிந்துவிடும். அடுத்த மேல்நிலைப் பள்ளிக்கான காமன் என்ட்ரன்ஸ் என்ற நுழைவுத் தேர்வு இயர் 8-இல் வந்தாலும், இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இயர் 6 அல்லது 7-இல் கணினியில் எழுதும் ப்ரீ-டெஸ்ட் என்ற முன்தேர்வுதான். அதற்கான பதிவைச் சில பள்ளிகள் இயர் 5 முடிவிலேயே மூடிவிடும். ஆகவே எந்த மேல்நிலைப் பள்ளி என்பதை இந்தத் தவணையிலேயே (டெர்ம்) பேசி முடியுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

2025 ஜனவரி முதல் பள்ளிக் கட்டணத்தோடு விடுதிக்கும் 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. சொல்லப்படும் தொகை வாட் சேர்த்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். விலக வேண்டுமானால் பொதுவாக ஒரு முழுத் தவணை முன்னறிவிப்பு. தவறினால் ஒரு தவணைக் கட்டணத்தைக் கட்ட வேண்டிவரும்.

வார விடுதிப் பிள்ளைகள் வெள்ளி மாலை வீடு திரும்புவதால் ஞாயிறு ஆராதனை பெரும்பாலும் இடிக்காது. வாரநாள் சேப்பலில் அமர்ந்தால் போதுமா என்று மட்டும் கேளுங்கள். சனிக்கிழமை வகுப்போ பந்தயமோ இருந்தால் வெள்ளிக் கணக்கு தப்பும்.

மருந்தை மருந்தகப் பெட்டியோடு மேட்ரனிடம் (விடுதியில் பிள்ளைகளைக் கவனிப்பவர்) கொடுங்கள், பையில் போட்டு அனுப்பாதீர்கள். சைவம் என்றால் முட்டை உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டையும் சேர்த்தி.