பாறை எப்படி வந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான்கு மாதமாக வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். 200 லிட்டர். இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் லைவ் ராக் (சின்ன உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை). உப்படர்த்தி 1.025, பிஎச் 8.2, நைட்ரேட் 10. எல்லாமே இணையத்தில் பார்த்துக் கற்றதுதான். சந்தேகம் என்றால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. இணையம் இல்லாத காலத்தில் இதை எப்படிக் கற்றார்கள்? அப்போதெல்லாம் வெறும் குத்துமதிப்புதான், மீன் சாகச் சாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்கிறார் என் நண்பர். பழைய புத்தகம் ஏதாவது படிக்கலாமா? பாக்கெட் உப்பு கடல்நீர் அளவுக்கு நல்லதா? இன்னொன்று, சின்ன மீன் அடிக்கடி உடம்பை நடுக்குகிறது. காப்பர் மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பாக்கெட் உப்பு நல்லதுதான். 1854லேயே இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கோஸ் நான்கு உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்து, அதில் உயிர்களை வளர்த்துக் காட்டிவிட்டார். புத்தகம் என்றால் மார்ட்டின் மோ 1982இல் எழுதிய கையேட்டைத் தேடிப் பாருங்கள். கடல்மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்தவர், தண்ணீரில் கைவைத்து எழுதியவர்.

இனி அந்தக் ‘குத்துமதிப்பு’. உங்கள் நண்பரிடம் அன்னா தைன் பற்றிச் சொல்லுங்கள். 1846இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் எடுத்த பவள உயிர்களை ஒரு ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுபோனவர். ஏர் பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது. திறந்த ஜன்னலருகே தண்ணீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றி ஆற்றவைத்தார், தினமும், அரை மணி நேரத்துக்கும் மேல். அந்த வேலையைச் செய்தது வீட்டுப் பணிப்பெண். அவள் பெயரை நாம் அறியோம், ஆனால் அந்தப் பவளங்கள் பிழைத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. அவை எப்படிப் பெருகின என்று குறித்துவைத்து 1859இல் அறிவியல் இதழில் வெளியிட்டார் அன்னா தைன். இதற்குக் குத்துமதிப்பு என்றா பெயர்?

ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது நான் யோசித்துக்கொண்டிருந்தது இன்னொருவரைப் பற்றி. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, கடல்நீர், நல்ல வெளிச்சம், மெல்லக் காற்றுக்குமிழி. வேறு வடிகட்டி இல்லை. பாறையிலும் மணலிலும் இருக்கும் உயிர்களே தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்றார். இன்று நீங்கள் லைவ் ராக் என்று காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறீர்களே, அதேதான். விடை அச்சில் இருந்தது. பத்திரிகை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டு மேஜையிலும் கிடந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் இன்னும் கால் நூற்றாண்டு காலம் சரளைக்கு அடியில் வடிகட்டித் தட்டைப் போட்டு, மேலே செத்த பவள எலும்புக்கூடுகளை அடுக்கிவைத்தார்கள். அதில் பாசி படிந்தால் எடுத்து பிளீச்சில் ஊறவைத்து வெள்ளையாக்கித் திரும்ப வைப்பார்கள். தொட்டியைக் காப்பாற்றக்கூடிய உயிரைச் சுரண்டி எறிந்துவிட்டு, தண்ணீர் ஏன் கெடுகிறது என்று கேட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் டச்சுக்காரர்களின் பவளத் தொட்டிகளைப் பற்றித் தொடர் எழுதிய பிறகுதான், உயிருள்ள பவளத்தை வீட்டில் வைக்கலாம் என்ற நம்பிக்கையே அமெரிக்காவில் பரவலாக வந்தது.

லீ எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். படித்தார்கள், செய்தும் பார்த்தார்கள். பலருக்குத் தொட்டி நாறிப்போனது. லீக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. அவர் பாறை ஈரம் காயாமல் தொட்டிக்குள் போனது. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்தவருக்குப் பெட்டியில் நாள்கணக்கில் பயணம் செய்து வந்தது. வழியிலேயே அதிலுள்ள ஸ்பாஞ்ச் என்ற கடலுயிரும் புழுக்களும் செத்து, தொட்டிக்குள் போய் அழுகின. அம்மோனியா ஏறியது, மீன் செத்தது. முறையே தப்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள். அப்படி வந்த பாறையைத் தனித் தொட்டியில் நீரோட்டத்தில் வாரக்கணக்கில் வைத்து, அழுகியதை பிரஷ்ஷால் தேய்த்து, அம்மோனியா இறங்கிய பிறகுதான் மீன் இருக்கும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இன்று தொடக்கக்காரனுக்கும் தெரிந்த விஷயம். லீக்கு அதைச் சொல்லத் தேவையே இருந்திருக்காது, அவர் பாறை அழுகவில்லை. கடற்கரைக்காரர் தன் சூழ்நிலையை எழுதவில்லை. அதற்குள்ளேயே இருப்பவருக்கு அது கண்ணில் படாது.

ஆகவே எஸ், அவர்களுக்குத் தகவல் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். தகவல் தபாலில் வந்தது. அதைச் சுற்றியிருந்த சூழ்நிலைதான் கூட வரவில்லை. உங்களுக்குப் பத்து நிமிடத்தில் வரும் பதிலிலும் அது வருவதில்லை.

அது வந்த வழி ஒன்றுதான், இன்னொருவர் வீட்டுக்குப் போவது. இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததே அப்படித்தான். ஊருக்கு ஊர் சங்கம், மாதம் ஒரு கூட்டம், கூட்டம் முடிந்து யாராவது ஒருவர் வீட்டுத் தொட்டி முன்னால் நின்று பேச்சு. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரும் அந்த வகைதான். போனதும் பேசவிடமாட்டார். தொட்டி முன்னால் உட்காரவைப்பார். உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைத் தண்ணீரில் விட்டதும் விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சுழற்றிவிடுவார். கண்ணாடியில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் அது மேலே தூக்கிக்கொடுக்கும், இல்லாத உப்பு இருப்பதாகக் காட்டும். பிறகு குனிந்து கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தண்டை ஒட்டி ஏறியிருக்கும் விளிம்பை விட்டுவிட்டுச் சமமான மட்டத்தைப் படிப்பார். அறை விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடிப்பார். நேர் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த மீன்மேல் பொன்தூள் தூவியது போலப் படிந்திருக்கும், அது வெல்வெட் நோய். சரளையைக் கிளறி முகர்ந்து பார்க்கச் சொல்வார். அழுகிய முட்டை வாடை வந்தால் அடியில் காற்றில்லை.

அவரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. மீன் செத்தால் வந்து சொல்ல வேண்டும். ஒளிக்கவும் முடியாது, அடுத்த மாதம் எல்லோரும் நம் வீட்டுக்கு வருவார்கள், தொட்டி காலியாக இருப்பது தெரிந்துவிடும். சாவதற்கு முந்தைய வாரம் அது என்ன செய்தது என்று கேட்பார். எந்த மூலையில் நின்றது, எதைச் சாப்பிட மறுத்தது, பாறையில் உடம்பைத் தேய்த்ததா. “தெரியவில்லை” என்றால் அவருக்குக் கோபம் வரும். மீன் செத்ததற்கு அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

நிறைய மீன்கள் செத்தன என்பதும் உண்மைதான், அந்த அளவில் உங்கள் நண்பர் சரி. ஆனால் எல்லாம் அறியாமையால் செத்தவை அல்ல. 1960களிலிருந்து பிலிப்பைன்ஸில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். அப்படி வந்த மீன் பளிச்சென்று இருக்கும், சாப்பிடவும் செய்யும், சில வாரத்தில் காரணமே இல்லாமல் செத்துப்போகும். வளர்த்தவர் தன் தண்ணீர்தான் சரியில்லை என்று இரவெல்லாம் சோதித்துக்கொண்டிருப்பார். அவர்களை அலட்சியமாகப் பேசுவது எனக்குப் பொறுக்காது.

இப்போது உங்கள் நடுங்கும் மீன். காப்பர் ஊற்றாதீர்கள். ஊற்றச் சொன்னவர் தொட்டியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாரா? லைவ் ராக்கில் உள்ள நத்தையும் புழுவும் செத்துத் தண்ணீர் கெடும். சுண்ணாம்புப் பாறை காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. மருந்து தேவையென்றால் பாறை இல்லாத தனித் தொட்டியில்தான். உங்களுக்குத் தேவை இல்லை என்றுதான் நினைக்கிறேன். கோமாளி மீனில் பெரியது பெண். சின்னது ஆண், அல்லது இனிமேல் ஆணாகப்போகிறது. பெரியது அருகே வரும்போது மட்டும் அது உடம்பைச் சாய்த்து நடுங்கினால், ‘உன்னோடு சண்டைக்கு இல்லை’ என்கிறது. தனியாக இருக்கும்போதும் நடுங்குகிறதா, வேகமாக மூச்சு வாங்குகிறதா, சாப்பிடுகிறதா? இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. மூன்று எண்கள் எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதம் அந்த இரண்டு உயிர்களோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பெரியது இரவில் எங்கே தூங்குகிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் எனக்குக் கடிதம் எழுதக்கூடாது.

கோபமாகச் சொல்லிவிட்டேன், வருந்தாதீர்கள். அக்கறை இல்லாதவர் அந்த நடுக்கத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்.

போய்வரக்கூடிய தூரத்தில் ஐந்தாறு வருடமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாரென்று விசாரியுங்கள். கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போங்கள். படம் எடுக்க வேண்டாம். அவருடைய பாறை எங்கிருந்து, எப்படி, எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். கடைசியாகச் செத்த மீன் எது என்றும் கேளுங்கள். போகும்போது உங்கள் ஹைட்ரோமீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவருடையதோடு ஒரே தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம்.